சுற்றறிக்கை எண் பதினான்கும் ஒரு சிவப்பு விளக்கும்

மனித குலம் எத்தனையோ விஷயங்களுக்குக் காரணம் தெரியாமல் இன்றுவரை விழித்துக்கொண்டிருக்கிறது. கேமரன் மலையின் குளோரியானா தேயிலைத் தோட்டம் மட்டும் ஒருநாளும் அப்படி விழித்ததில்லை. அங்கே நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. காரணத்துக்கு ஒரு ஃபைல் உண்டு. ஃபைலைக் கட்ட ஒரு நாடாவும், நாடாவை அவிழ்க்க அனுமதி வாங்கும் முறையும் உண்டு.

கொழுந்து எடை குறைகிறதா? காரணம்: பெண்கள் பேசிக்கொண்டே பறிக்கிறார்கள். தொழிலாளர் லயத்துக் கூரை ஒழுகுகிறதா? காரணம்: மழை. ஆறாம் லயத்துக் கக்கூஸுக்குக் கதவு இல்லையா? காரணம்: பலகை இல்லை. இந்தக் கடைசிக் காரணம் மூன்று வருஷத்தில் மூன்று மனுக்களுக்கு, ஓர் எழுத்துக்கூட மாறாமல் பதிலாக வந்தது. நிர்வாகத்தின் கொள்கை உறுதிக்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இப்பேர்ப்பட்ட தோட்டத்துக்கு 1983 மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை சோதனை வந்தது. சிவப்பாக வந்தது. கொட்டைப்பாக்கு அளவில் வந்தது.

ரிங்லெட் டவுனைத் தாண்டி ஏற்றத்தில் பதினோராவது வளைவு. ஸ்டியரிங்கில் டிரைவர் வேலப்பன். பின் சீட்டில் துரை. புதிதாக வந்திறங்கிய ஜப்பான் காடி, வழுக்கிக்கொண்டு ஏறிற்று. திடீரென்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு விளக்கு!

வேலப்பனின் கால் தானாக ஆக்ஸிலேட்டரை விட்டது.

"என்னப்பா அது, செவப்பா?" துரையின் தலை முன்னே வந்தது.

"இஞ்சின் சூடானா எரியிற வெளக்குங்க துரை."

"ஏன் சூடாவுது?"

"தெரியலைங்க துரை."

"தெரியலையா?" துரை பின்னால் சாய்ந்தார். "வேலப்பா, வர்ற சனிக்கிழமை கோலாலம்பூர்லேருந்து டைரக்டர் வர்றார். இந்தக் காடியிலதான் ஏத்திக்கிட்டு வரணும். அன்னைக்கு அவரு முன்னால இது எரிஞ்சுதுன்னு வை, திங்கக்கிழமை நீ பழையபடி மருந்து டாங்கியத் தூக்குற. வெளங்குச்சா?"

விளங்காமல் என்ன? வேலப்பன் பதினோரு வருஷம் தூக்கிய டாங்கி அது. முதுகில் நாலு காலன் களை மருந்து, மூக்கில் ஒரு கிழிந்த துணி. கைவிரல் நகங்கள் மஞ்சளாகி, இரண்டு கழன்றே போய்விட்டன. டிரைவர் ஆகிப் பதினாலு மாதம். இப்போதுதான் அந்த இரண்டும் வெள்ளையாக முளைத்து வந்திருந்தன. வேலப்பன் ஸ்டியரிங்கின் மேலிருந்த தன் நகங்களைப் பார்த்தான். பிறகு விளக்கைப் பார்த்தான். பங்களா வரும்வரை அது அணையவில்லை.

இந்த இடத்தில் துரையைப் பற்றி மரியாதையாக நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெயர் முருகையா. வெள்ளைக்காரத் துரை கப்பலேறிய பிறகு அந்த நாற்காலிக்கு வந்த முதல் 'நம்ம ஆள்'. வெள்ளைக்காரன் காடி வந்தால் கங்காணிகள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். கொழுந்துக் கூடையோடு பெண்கள் பள்ளத்தில் ஒதுங்குவார்கள். நம்ம ஆள் காடி வந்தபோது மக்கள் என்ன செய்தார்கள்? "தம்பி முருகையா போறாப்பல" என்று கை காட்டினார்கள்! ஒரு நிர்வாகம் இதைத் தாங்குமா?

அதனால் பிறந்ததுதான் பெயர்ப்பலகை. தேயிலைப் பெட்டி செய்யும் பிளைவுட்டில் மூன்றடி அகலம். 'திரு. க. முருகையா, பி.எஸ்ஸி., தோட்ட நிர்வாகி' என்பதைத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுத வேண்டியிருந்ததால் ஒன்றரை அடி உயரம். தங்க நிற பெயிண்டு. காடியின் முன்முகத்தில், காற்று உள்ளே போகும் கம்பித் தடுப்பின் மேல், இரண்டு கொக்கியில் தொங்கும்.

கூடவே பிறந்தது சுற்றறிக்கை எண் பதினான்கு. அலுவலகத்துத் தலைமைக் கிராணி பழனியப்பன் தம் கையாலேயே டைப் அடித்தது: 'துரையவர்கள் எழுந்தருளியிருக்கையில் பலகை வெளியே தெரிய வேண்டும். அவர்கள் இல்லாதபோது பலகையைக் கழற்றி, துடைத்து, பின் சீட்டில் படுக்க வைக்க வேண்டும். பலகை இருக்குமிடத்தில் துரையவர்கள் இருப்பதாகவே கொள்ளப்படும்.'

செவ்வாய்க்கிழமை காலை துரை உத்தரவுப்படி வேலப்பன் காடியை ரிங்லெட் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனான். துரை இல்லை, ஆகவே பலகை பின் சீட்டில் படுத்திருந்தது. கடை முதலாளியும் மெக்கானிக்குமான ஆ லோய் பானெட்டைத் திறந்து குனிந்தான், நிமிர்ந்தான். ஏற்றத்தில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தான். விளக்கு கண்ணை மூடிக்கொண்டு தூங்கிற்று.

"ஒன்னும் இல்லைலா. காடி பாகூஸ், நல்லாருக்கு!"

"நேத்து எரிஞ்சுச்சு தவுக்கே. துரை ஏறுனா எரியுது, எறங்குனா இல்ல."

ஆ லோய் கையைத் துடைத்தான். தோட்டத்துக்காரர்களோடு பழகிப் பழகி அவனுக்குத் தமிழ் வேண்டிய அளவுக்கு வரும். "அப்போ காடி இங்க வேணாம். துரைய கொண்டு வா. நான் துரைய ரிப்பேர் பண்றேன்."

வேலப்பன் சிரித்துவிட்டான். ஆனால் திரும்பும் வழியில் சிரிப்பு நின்றது. துரை ஏறினால் என்னவெல்லாம் ஏறுகிறது? துரை ஏறுகிறார், அவர் குடை ஏறுகிறது, அவர் பிளாஸ்க் ஏறுகிறது. அப்புறம்...

அவன் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தான். தங்க எழுத்துகள் மூன்று மொழியிலும் மினுங்கின.

பாதையில் ஆள் இல்லை. காடியை ஓரங்கட்டினான். பலகையை எடுத்து முன்னால் மாட்டினான். கிளப்பினான். ஒன்பதாவது வளைவு, பத்தாவது, பதினொன்று... சிவப்பு! நிறுத்திப் பலகையைக் கழற்றி, இஞ்சினை ஆறவிட்டு, திரும்ப இறங்கி அதே ஏற்றத்தை ஏறினான். விளக்கு எரியவில்லை. காற்று போகிற வழியைத் துரையின் பட்டம் அடைத்துக்கொண்டிருக்கிறது! அவ்வளவுதான் விஷயம்.

கண்டுபிடித்துவிட்டான். கூடவே வேறொன்றையும் கண்டுபிடித்தான். பலகை மாட்டியிருந்த அந்த நாலு நிமிஷத்தில், எதிரே சைக்கிளில் வந்த கங்காணி சுப்பன் இறங்கி, தொப்பியைக் கழற்றி, காலியான பின் சீட்டுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

சாயங்காலம் வீட்டில் அவன் மனைவி வடிவம்மாள் கொழுந்துக் கூடையை இறக்கியபடி கேட்டாள். "கண்டுபுடிச்சாச்சுல்ல? போயி சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிப் புள்ள சொல்றது? பலகையால சூடாவுதுன்னா, உனக்கு எப்படித் தெரியும்பாங்க. மாட்டி ஓட்டிப் பாத்தேன்னா, துரை இல்லாம ஏன்டா மாட்டுனேம்பாங்க. பதினாலாம் நம்பர் குத்தம்."

"பலகை!" வடிவம்மாள் கூடையை ஓங்கி வைத்தாள். "கக்கூஸுக்கு ஒரு கதவு கேட்டா தோட்டத்துலயே பலகை இல்ல. அவரு பேருக்கு மட்டும் மூணு பாஷையில பலகை. மூணு வருஷமா நாங்க குடையை விரிச்சு முன்னால புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கோம். காத்தடிச்சா குடைய புடிக்கிறதா, மானத்தப் புடிக்கிறதா?"

"இப்ப அதுவா பேச்சு? என் பொழப்பு போவுதுன்னு நிக்கிறேன்."

"சொன்னாலும் போவும், சொல்லாட்டியும் போவும். சொல்லிட்டுப் போவட்டும்."

புதன்கிழமை 'சிவப்பு விளக்கு விசாரணைக் குழு' கூடியது. தலைவர் துரை. செயலாளர் கிராணி பழனியப்பன். நிபுணர், தொழிற்சாலை டீ மேக்கர் செல்லையா. காடியோடு வந்த புத்தகத்தைக் கிராணி வாசித்தார்: "'இந்த விளக்கு எரிந்தால் உடனே தகுதியுள்ளவரை அணுகவும்.'"

தகுதியுள்ளவர் யார் என்று ஒரு மணி நேரம் ஆலோசிக்கப்பட்டது. சம்பளப் பட்டியல் வரவழைக்கப்பட்டது. பட்டியலின் உச்சியில் துரை இருந்ததால் தகுதியுள்ளவர் துரையே என்று முடிவாயிற்று.

வாசலில் நின்ற வேலப்பன் ஓரடி முன்னால் வந்தான். "ஐயா, ஒரு வார்த்தைங்க..."

"கூட்டம் நடக்குதுல்ல?" என்றார் கிராணி. குறிப்பேட்டில் எழுதினார்: 'ஓட்டுநர் குறுக்கிட்டார்.'

"சார்," கிராணி குரலைத் தாழ்த்தினார், "நீங்க ஏறுனா எரியுது. நீங்க இல்லாட்டி எரியல. யோசிச்சுப் பாத்தா... அது உங்கள அடையாளம் கண்டுக்குது சார்."

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "மரியாதைங்கிறீங்களா?"

"ஜப்பான்காரன் செஞ்சது சார். குனிஞ்சு கும்பிடுற ஜாதி."

துரையின் முகத்தில் ஒரு பொலிவு வந்தது. இருபது நிமிஷம் இருந்தது. பிறகு டைரக்டர் நினைவு வந்தது. அவருக்கும் முன்னால் தமக்கே விளக்கு மரியாதை செய்தால் டைரக்டர் என்ன நினைப்பார்? பொலிவு போய்விட்டது.

"எடையா இருக்குமோ?" என்றார் மெதுவாக.

வியாழக்கிழமை எடைப் பரிசோதனை. துரைக்குச் சமமான பாரத்தைக் காடியில் ஏற்றிப் பார்ப்பது திட்டம். அதற்குத் துரையின் எடை தெரிய வேண்டும். கொழுந்து நிறுக்கும் தராசில் துரை ஏறி நின்றார். தராசுக்கார முத்தையா முள்ளைப் பார்த்து, பழக்கதோஷத்தில் உரக்கச் சொன்னான்: "தொண்ணூத்தி ரெண்டு! ஈரத்துக்கு நாலு, கூடைக்கு ரெண்டு கழிச்சு, எம்பத்தாறு!"

வரிசையில் கூடையோடு நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தங்கள் கூடைகளில் தினமும் கழியும் ஆறு கிலோ, வாழ்நாளில் முதல்முறையாகத் துரை மேலிருந்து கழிந்ததைப் பார்த்த பாக்கியம் அவர்களுக்கு.

எண்பத்தாறு கிலோ தேயிலைத் தூள் மூட்டைகள் பின் சீட்டில் ஏறின. முன்னால் கிராணி ஏறினார்.

"கிராணி ஐயா," என்றான் வேலப்பன், "பலகையையும் மாட்டிப் பாத்துட்டா..."

"உனக்கென்ன பைத்தியமா? தூள் மூட்டைக்குத் துரை பேரையா?"

'ஓட்டுநர் மீண்டும் குறுக்கிட்டார்.' மலை உச்சிவரை விளக்கு எரியவில்லை. முடிவு: 'துரையவர்களின் எடை குற்றமற்றது.'

வெள்ளிக்கிழமை நிபுணர் செல்லையாவின் முறை. இருபத்திரண்டு வருஷம் தேநீர் ருசித்த நாக்கு அது. பங்களாவிலிருந்து அலுவலகம் வரை துரை ஏறிவந்து விளக்கும் எரிந்த கையோடு, ரேடியேட்டர் தண்ணீரில் ஒரு கிண்ணம் இறக்கி ஆறவைத்துக் கொண்டுவரச் சொன்னார். வெள்ளைக் கோப்பையில் ஊற்றினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கரண்டியால் அள்ளி, 'சர்ர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, வாளியில் துப்பினார்.

"நெறம் நல்லாருக்கு," என்றார் கண்ணை மூடி. "திடமும் இருக்கு. வாசனைதான் கொஞ்சம் இரும்பு. போன மாச நம்ம சரக்குக்கு இது எவ்வளவோ தேவல."

"காரணம்?" என்றார் துரை.

"அதிகமா வெந்திருக்கு."

"அது ஏன்னுதான் கேக்குறேன்!"

"காத்துப் படலைங்க துரை. எலைய வாட்டும்போது காத்துப் படாட்டி இப்படித்தான் வேகும்."

வேலப்பன் பாய்ந்து முன்னால் வந்தான். "அதேதாங்க! காத்துதாங்க! அந்தப் பலகையில நாலு ஓட்டை போட்டாக்கூடப் போதும் துரை..."

கிராணி குறிப்பேட்டைப் பிரித்தார்.

"ஓட்டை?" துரை எழுந்தார். "என் பேர்ல? ஓட்டை?"

"இல்லைங்க துரை, பேர்ல இல்ல, பேருக்கு நடுவுல..."

"வெளிய போடா!"

'ஓட்டுநர் மூன்றாம் முறை குறுக்கிட்டதோடு, நிர்வாகத்தின் பெயரைத் துளையிட முயன்றார்.'

அன்று மாலை குழு இறுதி ஏற்பாடுகளைச் செய்தது. ஒன்று, டைரக்டரின் கண்ணில் படாதபடி விளக்கின் மேல் டிஸ்பென்சரி பிளாஸ்டர் ஒட்டப்பட்டது. இரண்டு, டைரக்டரும் துரையும் ஒரே காடியில் எழுந்தருளுவதால் ஒரு பெயர் போதாது. தச்சர் ராஜு வரவழைக்கப்பட்டார். இரண்டு தேயிலைப் பெட்டிகள் பிரிக்கப்பட்டன. ஐந்தடிக்கு இரண்டடி, சட்டம் அடித்து, புதுப் பலகை! மேலே டைரக்டர், கீழே துரை, ஓரத்தில் சிறிதாக 'உபயம்: ப. பழனியப்பன், த.கி.'

வேலப்பன் அதைப் பார்த்தான். காடியின் முன்முகம் முழுவதும் மூடிவிட்டது. இரண்டு லைட் மட்டும், போர்வைக்கு மேலே காய்ச்சல்காரன் கண் மாதிரி.

"ஐயா..." என்று ஆரம்பித்தான். கிராணி பேனாவைத் திறந்தார். வேலப்பன் வாயை மூடிக்கொண்டான். ஆனாலும் எழுதப்பட்டது: 'ஓட்டுநர் நான்காம் முறை குறுக்கிட உத்தேசித்தார்.'

சனிக்கிழமை. தாப்பாவில் ரயிலிறங்கிய டைரக்டர், ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர், பலகையில் தன் பெயரை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு ஏறினார். துரை பக்கத்தில் ஏறினார். காடி மலையைப் பார்த்துக் கிளம்பியது.

வேலப்பன் பிளாஸ்டரையே பார்த்தான். இருபதாவது மைலில் பிளாஸ்டரின் ஓரம் லேசாகச் சிவந்தது. இருபத்திரண்டில் பிளாஸ்டர் முழுவதும் ரோஜாப் பூ நிறமாயிற்று. பின்னால் துரை இந்த ஆண்டு உற்பத்தியைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்துமூன்றில் பானெட்டின் இரு பக்கமும் வெள்ளையாக ஆவி கிளம்ப, காடி ஒரு பெருமூச்சு விட்டு, ரிங்லெட்டுக்கு இன்னும் நாலு வளைவு இருக்கையில் நின்றது.

அந்தச் சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

"டிரைவரோட கவனக்குறைவு சார்," என்றார் துரை ஆங்கிலத்தில், அவசரமாக.

ஆவி காடிக்குள்ளும் வரவே, இருவரும் இறங்கினார்கள். குடை ஒன்றுதான் இருந்தது; அதுவும் அலுவலகத்தில் இருந்தது. "வேலப்பா, ஏதாவது கொண்டா!" என்று துரை கத்தினார். கொண்டுவர என்ன இருக்கிறது? வேலப்பன் பலகையைக் கழற்றினான். ஐந்தடிக்கு இரண்டடி, சட்டம் அடித்தது. தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். அதன் கீழே டைரக்டரும் துரையும், தங்கள் பெயர்களுக்கு அடியிலேயே, அரை மணி நேரம் நனையாமல் நின்றார்கள். வேலப்பன் மட்டும் நனைந்தான்.

மழை விட்டது. ஓடைத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி, பலகையை டிக்கியில் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஈரத்தில் பிளாஸ்டர் உரிந்து விழுந்திருந்தது. விளக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது; எரியவில்லை. ரிங்லெட் போயிற்று. பதினோராவது வளைவும் போயிற்று. எரியவில்லை.

"இப்ப ஏன் சூடாகல?" டைரக்டர் மலாயில் நேராக டிரைவரைக் கேட்டார்.

கண்ணாடியில் துரையின் கண்கள் தெரிந்தன. ஸ்டியரிங்கில் நகங்கள் தெரிந்தன. இரண்டு வெள்ளை, எட்டு மஞ்சள். சொன்னாலும் போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

"பலகையக் கழட்டிட்டோம் துவான்," என்றான் வேலப்பன் மலாயில். "இப்ப காத்து வருது."

டைரக்டர் டிக்கிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பங்களா வாசல் வரை சிரித்தார். துரை அன்று விளக்கைவிடச் சிவப்பாக இருந்தார்.

இனி எந்தக் காடியிலும் பலகை கூடாது என்று கோலாலம்பூரிலிருந்து புதன்கிழமை கடிதம் வந்தது. ஆனால் நிர்வாகத்துக்கு என்று ஒரு முறை இருக்கிறது. விசாரணை தொடங்கினால் குற்றவாளியோடுதான் முடியும். குழுவின் இறுதி அறிக்கை சொல்லிற்று: 'விளக்கு எரிந்ததன் உண்மைக் காரணத்தை ஓட்டுநர் வேலப்பன் முதலிலிருந்தே அறிந்திருந்தார். அறிந்தும் குழுவிடம் தெரிவிக்காமல், நான்கு முறை குறுக்கிட்டுக் காலத்தை வீணாக்கினார்.' வியாழக்கிழமை அவன் முதுகில் டாங்கி ஏறியது.

இரண்டு பலகைகளும் 'கழிவுப் பொருள்' என்று எழுதப்பட்டு, தொழிற்சாலைக்குப் பின்னால் குப்பையில் வீசப்பட்டன. அந்தப் பக்கமாகத்தான் மருந்து அடிக்கிறவர்கள் தண்ணீர் பிடிக்கப் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை செய்தி கேட்டு ஆறாம் லயத்துக்குக் கிராணி பழனியப்பன் மூச்சிரைக்க வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். கக்கூஸுக்குக் கதவு இருந்தது. ஐந்தடிக்கு இரண்டடி. மேலே டைரக்டர், கீழே துரை, ஓரத்தில் 'உபயம்: ப. பழனியப்பன், த.கி.' சட்டத்தில் இருந்த கொக்கி தாழ்ப்பாளாகியிருந்தது.

"யாரு செஞ்ச வேல இது?"

"கதவுங்க கிராணி ஐயா," என்றாள் தண்ணீர் வாளியோடு நின்ற வடிவம்மாள்.

"அது தோட்டத்துப் பலகைம்மா!"

"தோட்டத்துலதான் பலகையே இல்லையே! உங்க கையெழுத்துப் போட்ட கடுதாசி மூணு வச்சிருக்கேன், எடுத்துக் காட்டட்டா? இல்லாத பலகைய நான் எங்கேருந்து எடுக்கப்போறேன்?"

கிராணி கதவை விரலால் சுட்டினார். "அப்ப இது என்ன?"

"இது துரைங்க. பலகை இருக்கிற எடத்துல துரை இருக்கார்னு நீங்கதான எழுதினீங்க? கழட்டணும்னா அவரக் கேட்டுட்டுக் கழட்டுங்க."

அந்த நேரம் பார்த்துப் பலகைக்குப் பின்னாலிருந்து கனமாக ஓர் இருமல் கேட்டது. இருமியது யார் என்று லயத்துக்கே தெரியும். முதல் நாள் அடித்த மருந்து நெஞ்சில் இருந்தது. கிராணிக்கு அதெல்லாம் தோன்றவில்லை. இத்தனை வருஷப் பழக்கம். பெயரைப் பார்த்ததும் கை தானாகத் தொப்பியைக் கழற்றிவிட்டது. இரண்டடி பின்வாங்கி, குனிந்து, ஒரு வணக்கம் வைத்துவிட்டு வந்த வழியே போனார்.

கதவு இன்றும் அங்கேதான் இருக்கிறது. யாராவது அவசரமாக வந்து தள்ளினால், வரிசையில் நிற்கிற பெண்கள் "பொறு புள்ள, துரை உள்ள இருக்காரு" என்கிறார்கள். குளோரியானா தோட்டத்தின் ஐம்பது வருஷ வரலாற்றில் ஒரு துரையின் பெயர் தொழிலாளியின் மானத்தைக் காத்தது அதுதான் முதல் தடவை. அதுவும், குப்பைக்குப் போன பிறகு.